கப்பல் ஏறுமுன்



இந்தத் தொடரில் கப்பற் பிரயாணத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் சொன்னபோது, நிகழ்ச்சியை ஒழுங்கு செய்யும் நண்பர் சிரித்துவிட்டார். "மாத்தளையில் ஏது சேர் கடல்?" என்றார். உண்மைதான், மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனால் எங்கள் ஊர்த் தோட்டங்களில் வாழும் தமிழர்களின் முன்னோர் எல்லோரும் கடல் வழியே வந்தவர்கள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். அதை நினைவுகூர்ந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிவடைந்தது. அன்று மாணவர் சிலரோடு நானும் வீதியோரம் நின்றேன். நடந்து வந்த தூரத்தைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். நடப்பதற்கு முன்னால், கடலையே கண்டிராத அந்த மக்கள் ஒரு தோணியிலோ கப்பலிலோ ஏறினார்களே, அந்த முதல் ஏற்றத்தைப் பற்றி அதிகம் பேச்சு எழவில்லை. மலையக வரலாறு எழுதுவோர் 1864இல் மூழ்கிய ஆதிலட்சுமி என்ற கப்பலைக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இப்போது அந்தப் பேச்சுக்கு வேறொரு தேவையும் வந்திருக்கிறது. 2023 ஜூன் 16இல் 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் சென்னைப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்கு வந்தது. அதே ஆண்டு ஒக்டோபர் 14இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, பருவக்காற்றினால் சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட் 16இல் மீண்டும் தொடங்கியது. ஆகவே கப்பலில் கால் வைத்திராத நம்மவர் பலர் இனிக் கால் வைக்கப்போகிறார்கள். முதன்முறை ஏறுகிறவர்கள் எவற்றில் தவறுகிறார்கள் என்பதை, நான் படித்ததிலிருந்தும், என் குடும்பத்தில் கேட்டதிலிருந்தும், நானே பட்டதிலிருந்தும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

தமிழ் ஆசிரியன் என்பதால் முதலில் மணிமேகலைக்குப் போகிறேன். ஆதிரையின் கணவன் சாதுவன், கைப்பொருளை எல்லாம் கணிகை வீட்டில் இழந்துவிட்டு, வணிகரோடு சேர்ந்து கப்பல் ஏறுகிறான். புயலில் கப்பல் உடைகிறது. ஒடிந்த மரத்துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலைப் பக்கம் ஒதுங்குகிறான். களைத்து மரநிழலில் உறங்குகிறவனை நாகர்கள் கொன்று தின்ன வருகிறார்கள். அவனிடம் பொன் இல்லை, ஆயுதம் இல்லை. அவர்களுடைய மொழி தெரிந்திருந்தது. பேசினான், பிழைத்தான். வகுப்பில் நாங்கள் இந்த இடத்தில் நின்று அறவுரையைப் பற்றி நிறையப் பேசுவோம். எனக்கோ கதையின் மறுபக்கம்தான் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும். அந்தப் புயலில் தப்பி ஊர் திரும்பிய சிலர், சாதுவன் இறந்துவிட்டான் என்று ஆதிரையிடம் சொல்லிவிடுகிறார்கள். அவள் தீ மூட்டி இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை என்று காவியம் சொல்கிறது. சுட்டிருந்தால்? கப்பல் ஏறியவனுக்கு நேர்ந்ததைவிடக் கரையில் இருந்தவளுக்கு நேரவிருந்ததே பெரிது. தப்பியவர் யார், தவறியவர் யார் என்று பெயர் சரிபார்க்க ஆளில்லாத காலம் அது.

பெயர் சரிபார்ப்பது என்றால் சின்ன வேலை என்று நினைக்கிறோம். எங்கள் வீட்டில் அது சின்ன வேலையாக இருக்கவில்லை.

என் அப்பாயி, அதாவது அப்பாவின் தாயார், ஏறக்குறையப் பத்து வயதில், 1936 அளவில், தன் மாமனோடு இலங்கைக்கு வந்தவர். தொழிலாளர் இங்கு வருவதை இந்திய அரசு 1939இல் தடை செய்வதற்குச் சற்று முன்பு. தொல்காப்பியத்தில், கடல்வழிப் பிரிவில் பெண்டிரை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று ஒரு நூற்பா உண்டு. அதைப் படிப்பிக்கும்போதெல்லாம் எங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்களுடைய பூட்டிமார் எல்லோரும் கப்பலில் வந்தவர்களல்லவா? அப்பாயி வந்தது மண்டபம் முகாம் வழியாக. இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. கொலராவும் அம்மையும் தீவுக்குள் வந்துவிடக்கூடாது என்று அங்கே தடுத்து வைத்து, குளிப்பாட்டி, அம்மைப்பால் குத்தி, பிறகுதான் தனுஷ்கோடிக்கு அனுப்புவார்கள். 1914இல் ஆரம்பமான தனுஷ்கோடி – தலைமன்னார் நீராவிக் கப்பலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டைப் பெயருக்குப் பதிலாகக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர்களும் அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தார்கள். இவ்வளவு பதிவோடும் வந்தவர்களைத்தான் பிற்காலத்தில் 'கள்ளத்தோணி' என்றார்கள்.

முகாமில் அப்பாயியின் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அவருக்கு இட்ட பெயர் ஊர் அம்மனின் பெயர். வீட்டில் கூப்பிட்டது 'சின்னப்புள்ள' என்று. பயத்தில் வாய் திறக்காத பிள்ளைக்காக மாமன் முந்திக்கொண்டு "சின்னப்புள்ளங்க" என்றாராம். அப்படியே எழுதிக்கொண்டார்கள். தோட்டத்துச் செக்ரோலிலும் அதுவே ஏறியது. என் பெரியப்பா பிறந்தபோது தாத்தா தானே போய் அம்மனின் பெயரைச் சொல்லிப் பிறப்பைப் பதிந்தார். அப்பா பிறந்தபோது கணக்கப்பிள்ளை செக்ரோலைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கும் பத்திரத்தில் இரண்டு தாய்மார். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு இந்த இரட்டைப் பெயரும் ஒரு காரணம் என்று தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆகவே முதன்முறை கப்பல் ஏறுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, எல்லோரும் சொல்லும் அதே சலிப்பான சங்கதிதான். கடவுச்சீட்டிலும் பிரயாணச் சீட்டிலும் விசாவிலும் பெயர் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே உட்கார்ந்து பாருங்கள். தந்தை பெயர் முன்னாலா பின்னாலா என்பது நம்மவர்களுக்கு எப்போதும் ஒரு தலையிடி. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதங்களுக்காவது செல்லுபடியாக வேண்டும். உல்லாசக் கப்பலில் போகிறவர்கள், "நான் கப்பலைவிட்டு இறங்கவே மாட்டேன், எனக்கு எதற்கு விசா?" என்று கேட்கிறார்கள். கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். விதி நிறைவேறாவிட்டால் ஏறும் துறையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது மூட்டை முடிச்சு. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்குப் போனவர்களில் என் பெரியப்பா குடும்பமும் ஒன்று. 1974இல், 'இராமானுஜம்' கப்பல் தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் ஓடிய காலம். (தனுஷ்கோடி 1964 டிசெம்பர்ப் புயலில் அழிந்தபின் இராமேஸ்வரமே துறையாயிற்று.) மாத்தளைப் புகையிரத நிலையத்தில் அன்று அழுத அழுகையைப் பற்றி அப்பா பேச மாட்டார். ஒரு விஷயத்தை மட்டும் சொல்வார். பெரியப்பா குடும்ப அட்டை முதலான சகல பத்திரங்களையும் பத்திரமாக இருக்கட்டும் என்று தகரப் பெட்டியின் அடியில், கிராம்புப் பொட்டலத்துக்கும் கீழே வைத்துப் பூட்டிவிட்டார். அப்பாயி பெட்டியை அவிழ்க்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். "பெட்டி ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவ. காகிதம் ஒன்னோட போகணும்டா" என்று, பத்திரங்களைத் துணியில் சுற்றி மகனுடைய இடுப்பில் கட்டிவிட்டாராம். தலைமன்னார்த் துறையில் பெட்டிகள் ஒரு வரிசையிலும் ஆட்கள் ஒரு வரிசையிலும் பிரிந்தபோதுதான் பெரியப்பாவுக்கு அதன் அர்த்தம் விளங்கியது. தாய் தடுத்து வைக்கப்பட்ட அதே மண்டபம் முகாமில்தான் மகனும் போய் இறங்கினார்.

இன்றைய பெரிய கப்பல்களிலும் இதே கதைதான். பெரிய பையைத் துறையில் வாங்கிக்கொள்வார்கள். அது உங்கள் அறை வாசலுக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதுவரை தேவைப்படும் மருந்து, கடவுச்சீட்டு, கண்ணாடி, ஒரு மாற்றுத்துணி ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும். கொண்டுபோகக்கூடிய எடையின் வரம்பு கப்பலுக்குக் கப்பல், காலத்துக்குக் காலம் மாறும். சீட்டு வாங்கும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

கப்பலில் ஏறியதும் மக்கள் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. ஏறிய உற்சாகத்தில் படம் எடுக்கவும் சாப்பாட்டு மண்டபத்தைத் தேடவும் கிளம்பிவிடுகிறார்கள். ஆபத்து வந்தால் எங்கே கூடுவது, உயிர்காப்பு அங்கியை எப்படி அணிவது என்று பணியாளர் சொல்லிக் காட்டும் நேரத்தில் பாதிப்பேர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2012 ஜனவரி 13ஆம் திகதி இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கொன்கோர்டியா' என்ற கப்பல் பாறையில் மோதிச் சரிந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். அன்று மாலைதான் ரோமுக்கு அருகிலுள்ள துறையில் நூற்றுக்கணக்கானோர் புதிதாக ஏறியிருந்தார்கள். அவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி மறுநாளைக்கு என்று வைக்கப்பட்டிருந்தது. புறப்பட்டு 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும் என்பது அன்றைய சர்வதேச விதி. அந்த விபத்துக்குப் பிறகே விதி மாற்றப்பட்டு, 2015 ஜனவரி முதல், புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனேயே பயிற்சி நடத்த வேண்டும் என்றாயிற்று. அந்த அரை மணி நேரத்தைச் சலிப்பாக நினைக்கிறவர்கள், அது என்ன விலை கொடுத்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் அறையிலிருந்து கூடுமிடத்துக்கு ஒருமுறை நடந்தே பாருங்கள். மின்சாரம் போனாலும் கால் வழியை மறக்காது.

கடல் மயக்கத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு உடல் ஆடுகிறது என்று சொல்கிறது. கண்ணோ, எதிரே உள்ள சுவரைப் பார்த்து ஒன்றும் அசையவில்லை என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடக்கும் வழக்கில் தண்டனை வயிற்றுக்கு. அப்பாயியின் காலத்தில் பிள்ளைகளின் தலையில் சேலையைப் போட்டு மூடிப் படுக்க வைப்பார்களாம். படுப்பது நல்லதுதான். ஆனால் கண் விழித்திருப்பவர் தொலைவில் வானும் கடலும் தொடும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் வழக்குச் சற்றுத் தணியும். கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் நம்மவர் சொல்வார்கள். இரண்டும் ஊஞ்சலின் இரு முனைகள் போல ஏறி இறங்கும். ஆட்டம் குறைந்த இடம் நடுப்பகுதி, அதிலும் கீழ்த்தளம். வெறும் வயிறும் கூடாது, பிரியாணி வயிறும் கூடாது. இஞ்சி உதவும். குளிசை போடுவதானால் மயக்கம் வந்த பிறகு போட்டுப் பிரயோசனம் குறைவு. புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அது தூக்கத்தைக் கொடுக்கும். வயதானவர்களும் வேறு நோய்களுக்கு மருந்தெடுப்பவர்களும் வைத்தியரைக் கேட்டே போட வேண்டும். இன்னொன்று, நாகரிகக் குறைவாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: வாந்தி வந்தால் காற்று வரும் பக்கத்து விளிம்புக்கு ஓடாதீர்கள். மறுபக்கம் போங்கள்.

மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லாவிட்டாலும் கப்பற் பிரயாணிகளை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். சிகிரியாவும் தம்புள்ளையும் எங்கள் மாவட்டத்தில் அல்லவா இருக்கின்றன? திருகோணமலையிலும் கொழும்பிலும் கப்பல் நிற்கும் நாட்களில், நெஞ்சில் இலக்கம் ஒட்டிய வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வருவார்கள். என் பழைய மாணவர் ஒருவர் மாத்தளை வீதியில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வழிகாட்டியாக இருக்கிறார். கறுவாப்பட்டையை முகர்ந்துகொண்டிருந்த ஒரு வயோதிபத் தம்பதியர், நேரத்தைக் கேட்டுவிட்டு முகம் வெளிறிப்போனதை அவர் எனக்குச் சொன்னார். கொழும்பில் கப்பலைவிட்டு இறங்கி, தாங்களாகவே ஒரு வேன் பேசிச் சிகிரியாவுக்கு வந்தவர்கள். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம் என்ற கணக்கை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலா தாமதித்தால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியாகப் போனவருக்காகக் காத்திராது. கப்பல் புறப்படும் நேரம் வேறு, எல்லோரும் ஏறி முடிக்க வேண்டிய நேரம் வேறு. கப்பலின் கடிகாரமும் கரையின் கடிகாரமும் சில வேளை ஒத்திராது. அந்தத் தம்பதியர் கப்பலைப் பிடித்தார்களா என்று கேட்டேன். "கலகெதர வழியாக விடச் சொன்னேன் சேர், அதுக்குப் பிறகு தெரியாது" என்றார்.

காசு விஷயம் சுருக்கமாக: உல்லாசக் கப்பலில் அறையும் சாதாரண சாப்பாடும் கட்டணத்துக்குள் அடங்கும். மதுபானம், இணையம், கரைச் சுற்றுலா, பணியாளருக்கான அன்பளிப்பு என்பன பெரும்பாலும் தனி. நடுக்கடலில் கைத்தொலைபேசி கப்பலின் செய்மதித் தொடர்பைப் பிடித்துக்கொண்டால் வரும் பில்லைப் பார்த்துத்தான் உண்மையான கடல் மயக்கம் வரும். விமானத்தில் செய்வதுபோல் தொடர்பைத் துண்டித்து வையுங்கள். துண்டிக்கும் முன் எந்தக் கப்பல், எத்தனை மணிக்குக் கரை என்று வீட்டுக்கு ஒரு வரி. ஆதிரையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் தெரிந்த நான் செய்ததைக் கேளுங்கள். 2024 ஆகஸ்ட் விடுமுறையில் அப்பாவை அழைத்துக்கொண்டு காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் போனேன். பெரியப்பா காலமாகிப் பல வருடங்கள். திருச்சிக்கு அருகே பெரியம்மா இருக்கிறார். 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பிரஜையான அப்பா, எழுபத்து நான்கு வயதில் முதன்முறையாகக் கடவுச்சீட்டு எடுத்திருந்தார். முதல் நாளே யாழ்ப்பாணம் போய்த் தங்கினோம். பெயர்களை மூன்று தரம் பார்த்தேன். அதில் நான் கெட்டிக்காரன். துறையில் பெரிய பையை வாங்கிக்கொண்டு போன பிறகுதான், அப்பாவின் இரத்த அழுத்தக் குளிசையும் கடல் மயக்கக் குளிசையும் அதற்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. போதாக்குறைக்கு, கடலை நன்றாகப் பார்க்கட்டும் என்று அவரை முன்வரிசையில் உட்கார வைத்தேன். ஆகஸ்ட் மாதத்துத் தென்மேற்குக் காற்று. ஒரு மணி நேரம் போகவில்லை, அப்பா துவண்டுவிட்டார். பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி, "இதை மணந்துகொண்டு கண்ணை மூடாமல் தூரப் பாருங்கோ ஐயா" என்று கொடுத்தார். பணியாளர் அவரை நடுவரிசைக்கு மாற்றினார். நான்கு மணி நேரப் பயணத்தில் பிற்பாதி ஒருவாறு கழிந்தது.

பெரியம்மா வீட்டில், குடும்ப அட்டையோடு சேர்த்து மடித்து வைத்திருந்த பெரியப்பாவின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் அப்பாயி சுற்றிக் கொடுத்த அதே துணி. மங்கலாயிருந்த தாய் பெயரை அப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கி மெல்ல வாசித்தார். "எங்க அண்ணனோட அம்மா பேரு நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். பிறகு துணியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது பெரியம்மா கொடுத்த முறுக்கினால் பை எடை கூடி, துறையில் வைத்துப் பாதியைச் சாப்பிட்டுக் குறைக்க வேண்டியதாயிற்று. குளிசைகள் என் சட்டைப்பையில் இருந்தன. ஒரு மணி நேரம் முன்னதாகவே கொடுத்தேன். நடுவரிசையில் இடம் பிடித்தேன். அப்பா துணியை மடியில் வைத்துக்கொண்டு, கப்பல் நாகப்பட்டினத்தைத் தாண்டுமுன் உறங்கிப்போனவர்தான், காங்கேசன்துறையில் கயிறு கட்டும் சத்தத்தில்தான் கண் விழித்தார்.

"கடல் எங்கடா?" என்று கேட்டார்.